லெனேசியாவிலிருந்து உம்லாங்கா பக்கம்: 38,000 ரேண்டில் குடும்பம் ஓடுமா?

கணக்குப்பிள்ளை (லெனேசியா)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜோஹன்னஸ்பர்க், லெனேசியாவில் இருக்கிறோம். என் மனைவிக்கு டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் உம்லாங்காவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை உறுதியாகியிருக்கிறது. பிப்ரவரியில் சேரவேண்டும். பிடித்தம் போக 21,000 ரேண்ட் கைக்கு வரும். நான் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். டர்பன் கிளைக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள், ஆனால் சம்பளம் 17,000 ஆக இறங்கும். ஆக மொத்தம் 38,000. இப்போது வாங்குவதைவிடக் குறைவுதான்.

பிறகு ஏன் போகிறாய் என்று கேட்பீர்கள். போன வருடம் துப்பாக்கியைக் காட்டி என் காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். பின் சீட்டில் மகன் இருந்தான். அவனை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். அதற்குப் பிறகு இருட்டினால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அம்மாவும் எங்களோடு இருக்கிறார். ஜூன், ஜூலைக் குளிர் அவர் முட்டியைப் படாதபாடு படுத்துகிறது.

மகள் அடுத்த வருடம் ஏழாம் கிரேடு, மகன் நாலாம் கிரேடு. ஒரே கார். லெனேசியா வீட்டுக்கு மாதம் 6,200 பேங்க் கடன் போகிறது.

இணையத்தில் வாடகை பார்த்தேன். உம்லாங்கா ரிட்ஜில் இரண்டு படுக்கையறை 16,500. பலீட்டோவில் 13,000. டொங்காட்டில் 7,000க்குக்கூட இருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி? எங்கே குடியேறினால் மூச்சு விடலாம்? வீட்டை விற்றுவிட்டு வரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (வெருலம்)

கணக்குப்பிள்ளை அண்ணா, வாங்க. நாங்கள் பலீட்டோவில் வாடகைக்கு இருந்துவிட்டு வெருலத்துக்கு வந்தவர்கள். வாடகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. கடலோரத்தில் பணம் போகிற வழிகள் வேறே.

முதலாவது உப்பு. கடலிலிருந்து நாலைந்து தெரு உள்ளே தள்ளித்தான் எங்கள் ஃபிளாட் இருந்தது. அப்படியும் கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, துணி காயப்போடும் கம்பி எல்லாம் செம்பழுப்பாகிவிடும். ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஃபிரிட்ஜின் பின்புறக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, புதிது வாங்கினோம். வாடகை வீடு என்றாலும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நம்முடையவைதானே.

அப்புறம் பூஞ்சை. ஜோபர்க் வறண்ட ஊர். அங்கே பெட்டியில் வைத்தது வைத்தபடி இருக்கும். இங்கே ஜனவரி, பிப்ரவரியில் அலமாரியைத் திறந்தாலே ஒரு வாடை அடிக்கும். என் கல்யாணக் காஞ்சிபுரம் பட்டை எடுத்துப் பார்த்தேன்: மடிப்பு வழியே சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை, ஜரிகை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அக்காவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், பட்டுப்புடவைகளை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடவேண்டும்.

மூன்றாவது சாலை. பலீட்டோவிலிருந்து டர்பன் பக்கம் என்2 நெடுஞ்சாலையில் வந்தால் விமான நிலையத்துக்கு முன்னாலேயே டோல் கேட். போக ஒன்று, வர ஒன்று. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மளிகைச் சாமான் பில். ஆர்102 பழைய சாலையில் வந்தால் டோல் இல்லை, ஆனால் டொங்காட் டவுன், வெருலம் டவுன் எல்லாவற்றையும் கடந்து வரவேண்டும். காலையில் ஒவ்வொரு ராபாட்டிலும் (சிக்னலில்) நிற்கவேண்டும்.

அதனால் உம்லாங்காவில் வேலை என்றால் பலீட்டோவை மறந்துவிடுங்கள். அழகான ஊர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

நெய்தல் (உம்லாங்கா ரிட்ஜ்)

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எல்லோரும் உடனே "உள்ளே போங்கள், மலிவு" என்பார்கள். அந்த மலிவு பெட்ரோலிலும் இரண்டாவது காரிலும் போய்விடுகிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாங்கள் ரிட்ஜில் சின்ன ஃபிளாட்டில் இருக்கிறோம். கேட்வே மால் கடைகளுக்கு நடந்தே போகிறேன், ஆபீசுக்கும் நடந்தே. ஒரே கார், அதுவும் வாரத்தில் பாதி நாள் நின்றுகொண்டிருக்கும். உங்கள் மனைவிக்கு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இருக்கும், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. அவர் டொங்காட்டிலிருந்து வந்துபோவதானால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத்தான் வீடு சேர்வார். நீங்கள் அதே காரில் உங்கள் வேலைக்கு எப்படிப் போவீர்கள்? இன்னொரு கார் வாங்கினால் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஐயாயிரம் ஆறாயிரம் தாண்டும்.

பயந்துதானே ஜோபர்க்கை விட்டு வருகிறீர்கள்? அந்தப் பயம் போகவேண்டும் என்றால், இரவில் தனியாக நெடுந்தூரம் கார் ஓட்டுகிற நிலைமையில் அவரை வைக்காதீர்கள். இதை வாடகையோடு சேர்த்து எடைபோடுங்கள்.

உப்புக்காற்று (வெருலம்)

நெய்தல், நீங்கள் சொல்வதில் ஷிப்ட் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் 38,000இல் 16,500 வாடகையா? அதோடு லெனேசியா கடன் 6,200. சேர்ந்தால் 22,700. மிச்சம் 15,300இல் ஐந்து பேருக்குச் சாப்பாடு, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு மருந்து, கரண்ட், பெட்ரோல், இன்சூரன்ஸ், ஊருக்கு அனுப்புகிற பணம். லெனேசியா வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்தால் தப்பிக்கலாம், கிடைக்காத மாதம் என்ன செய்வது? நீங்கள் இரண்டு பேர், இருவரும் ஐடி. உங்களுக்கு ஓடும்.

நெய்தல் (உம்லாங்கா ரிட்ஜ்)

ஐந்து பேர் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அம்மாவையும் வளர்ந்த மகளையும் வைத்துக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். பல வளாகங்களில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று விதியும் உண்டு. ஆனால் தூரம் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். அரை மணிக்கு மேல் வேண்டாம்.

டொங்காட் வாத்தியார்

தம்பி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டீர்கள். நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன். என் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் எங்கள் ஆட்கள். தமிழ் எனக்குக் கோவில் வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் 16,500 வாடகை பார்க்கிற உம்லாங்கா ரிட்ஜ் என் வாலிப காலத்தில் முழுக்கக் கரும்பு. சர்க்கரைக் கம்பெனி அந்த நிலத்தைக் கரும்பாக வைத்திருப்பதைவிட மனையாக விற்றால் லாபம் என்று பார்த்தது. கேட்வே 2001இல் திறந்தது. 2010இல் விமான நிலையம் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு வந்தது. அதிலிருந்து பணக்காரர்கள் எல்லோரும் வடக்கே பார்த்து நகர்ந்தார்கள். வெருலம், டொங்காட், ஃபீனிக்ஸ் எல்லாம் அதே கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவை நிறவெறி ஆட்சியில் சட்டம் போட்டு இந்தியர்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஊர்கள். கடலைப் பார்த்த மேட்டு நிலம் வெள்ளைக்காரர்களுக்கு. சட்டம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, நிலத்தின் விலை மட்டும் அந்தப் பழைய கோட்டிலேயே நிற்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

கடற்கரையும் அப்படித்தான் இருந்தது. 1989 வரைக்கும் இன்ன கடற்கரை இன்னாருக்கு என்று பலகை வைத்திருந்தார்கள். எங்களுக்கு லா மெர்சிப் பக்கம். குடும்பத்தோடு பிரியாணிப் பானை கட்டிக்கொண்டு அங்கேதான் போவோம். இன்றைக்கு எந்தக் கடற்கரையிலும் யாரும் இறங்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பலீட்டோவில் தாம்சன்ஸ் பே கல் குளம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் குளிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. லட்சக்கணக்கில் வாடகை கொடுக்கிறவனுக்கும் உங்களுக்கும் அங்கே ஒரே தண்ணீர்தான். கடலுக்காகக் கடலோரத்தில் குடியிருக்கவேண்டும் என்பதில்லை, தம்பி.

ஆனால் எங்கள் ஊரை வானளாவப் புகழ மாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர் நிலையம் சிதைந்துபோனது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வயசானவர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். அதே வருடம் அக்டோபரில் சர்க்கரைக் கம்பெனி கடனில் மூழ்கி மீட்பு நடவடிக்கைக்குப் போனது. 2024 ஜூனில் சூறாவளி வந்து கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒன்றன்மேல் ஒன்றாக அடி. அந்த 7,000 வாடகைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது, தெரிந்துகொண்டு வாருங்கள்.

கேப் குமரி (கேப் டவுன்)

நடுவில் ஒரு வார்த்தை. கேப் டவுனோடு பார்த்தால் நீங்கள் சொல்லும் உம்லாங்கா வாடகையே எங்களுக்கு மலிவு. இங்கே கடல் பக்கம் நல்ல ஃபிளாட்டுகளை எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் ரைலண்ட்ஸ், கிரேவன்பி பக்கம்தான். 38,000இல் ஐந்து பேரோடு கேப் டவுன் யோசனை எப்போதாவது வந்தால் விட்டுவிடுங்கள். டர்பன் நல்ல முடிவு.

நைட் ஷிப்ட் (மவுண்ட் எட்ஜ்கோம்)

நானும் நர்ஸ்தான், உம்லாங்கா பக்கம் வேலை. அக்காவுக்காக எழுதுகிறேன்.

ஷிப்ட் ஏழு மணி என்றால் ஏழுக்கு வெளியே வர முடியாது. நோயாளிகளை அடுத்த ஆளிடம் ஒப்படைத்து, குறிப்பு எழுதி முடிக்க ஏழே கால், ஏழரை. அந்த நேரத்தில் பலரும் சேர்ந்து போகிற மினிபஸ் டாக்சி குறைந்துவிடும், இரவு ஷிப்டுக்குப் போகும்போதும் அப்படித்தான். டாக்சியை நம்பி இந்த வேலைக்குக் குடியேற வேண்டாம். கார் அக்காவிடம்தான் இருக்கவேண்டும். அப்படியானால் உங்கள் வேலைக்கு டாக்சியில் நீங்கள் போகிற மாதிரி இடம் பாருங்கள், அண்ணா. பகல் நேரத்தில் ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் டவுனுக்கு டாக்சியும் பஸ்ஸும் உண்டு.

எம்41 சாலை ஒன்று இருக்கிறது, உம்லாங்காவிலிருந்து மேற்கே மவுண்ட் எட்ஜ்கோம் வழியாக ஃபீனிக்ஸ் ஓரத்துக்கு வரும். டோல் கிடையாது. நெரிசல் இல்லாவிட்டால் ஃபீனிக்ஸ் கிழக்கு ஓரத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் மருத்துவமனை வாசல். நெய்தல் சொன்ன அரை மணிக்குள் அடங்குகிறது, உப்புக்காற்று போட்ட வாடகைக் கணக்குக்கும் கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. மவுண்ட் எட்ஜ்கோமில் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி இருக்கும் எஸ்டேட்டுகள் பக்கமே போகாதீர்கள், அது வேறு உலகம். அதற்கு வெளியே தனி வீடுகள், அவுட்பில்டிங்குகள் இருக்கின்றன. உரிமையாளர் முன்வீட்டில், நாம் பின்கட்டில். அம்மாவுக்கு மாடிப்படி இருக்காது. பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி இருப்பார்.

மாரியம்மன் கோவில் நடந்து போகிற தூரம். புனித வெள்ளிக்குத் திருவிழா நடக்கும், நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். அந்த வாரம் மட்டும் காரை வெளியே எடுக்க நினைக்காதீர்கள். ஆடி மாதம் கஞ்சி ஊற்றுவார்கள், உங்கள் அம்மாவுக்கு மனசு நிறையும்.

பாதுகாப்பைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். இங்கேயும் திருட்டு உண்டு, கார் பறிப்பும் உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் இந்தியருக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவே நடந்த கொலைகள் நாட்டுக்கே தெரியும், அந்தக் காயம் இரண்டு பக்கமும் இன்னும் ஆறவில்லை. இங்கே வந்தால் பயமே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது எதிர்வீட்டுத் தாத்தா கேட்டருகே நிற்பார், நான் உள்ளே போனபிறகுதான் அவர் உள்ளே போவார்.

கணக்குப்பிள்ளை (லெனேசியா)

இத்தனை பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். எதிர்வீட்டுத் தாத்தா என்ற இடத்தில் அவர் கண் கலங்கிவிட்டார்.

இன்னும் மூன்று கேள்விகள். ஒன்று, லெனேசியா வீட்டை விற்று அந்தப் பணத்தில் அங்கேயே சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினால் வாடகைத் தொல்லை தீருமே? இரண்டு, மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், கடலோர அரசுப் பள்ளிகளில் கட்டணம் அதிகம் என்கிறார்கள். மூன்று, தண்ணீர். டொங்காட் ஐயா சொன்னதைப் படித்தபிறகு அதுதான் கவலையாக இருக்கிறது.

பத்திரம் (டர்பன்)

வீட்டு வாடகை ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

வந்த முதல் வருடம் வாங்காதீர்கள். 12,10,000 ரேண்ட் வரைக்கும் சொத்து மாற்று வரி இல்லை என்பது உண்மைதான், 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு. ஆனால் வக்கீல் கட்டணம், கடன் பதிவுக் கட்டணம் என்று பெரிய தொகை ஒன்று கையிலிருந்து போகும். அது கடனில் சேராது. பிறகு லெவி. ஃபிளாட் வாங்கினால் லிஃப்ட், காவல், பெயின்ட், கட்டட இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் லெவி கட்டவேண்டும், கடன் அடைந்தபிறகும் கட்டவேண்டும். கடலோரக் கட்டடங்களில் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பால்கனி விளிம்பில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிற கட்டடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பராமரிப்பு நிதியில் பணம் போதவில்லை என்றால் எல்லா உரிமையாளர் தலையிலும் சிறப்பு லெவி விழும். 38,000 வருமானத்தில் ஒரு சிறப்பு லெவி வந்தாலே குடும்பம் ஆட்டம் கண்டுவிடும். எப்போதாவது வாங்குவதானால், அந்தக் கட்டடத்தின் பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தையும் கடைசிப் பொதுக்கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டப்படி பராமரிப்புத் திட்டம் இருந்தே ஆகவேண்டும். இல்லை என்று இழுத்தடித்தால் அந்தக் கட்டடம் வேண்டாம்.

முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசாங்க மானியம் ஒன்று உண்டு, ஆனால் அது குடும்ப மாத வருமானம் 22,000க்குள் இருப்பவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஏற்கெனவே வீடும் இருக்கிறது.

லெனேசியா வீட்டை வாடகைக்கு விடுங்கள். 6,200 கடனை அந்த வாடகையே கட்டிக்கொள்ளும். இந்த ஊர் ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும்.

நீங்கள் இங்கே வாடகைக்கு எடுக்கும்போது: உள்ளே போகுமுன் உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கிற குறைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கூடவே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள், மூலையில் இருக்கிற பூஞ்சைக் கறையையும் சேர்த்து. டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டு, காலி செய்யும்போது வட்டியோடு திருப்பித் தரவேண்டும். சேதம் எதுவும் இல்லையென்றால் ஏழு நாளில் தரவேண்டும். தராவிட்டால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது, புகார் கொடுக்கப் பணம் கட்டவேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

உப்புக்காற்று (வெருலம்)

பத்திரம் சொன்ன அந்தப் போட்டோ யோசனையைத் தயவுசெய்து விடாதீர்கள். பலீட்டோவில் எங்கள் உரிமையாளர், நாங்கள் வருமுன்பே இருந்த கறைக்குப் பெயின்ட் செலவு என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பாயத்துக்குப் போனோம். முதல் நாள் எடுத்த போட்டோ இருந்ததால் பணம் முழுதும் வந்தது.

டொங்காட் வாத்தியார்

பள்ளிக்கூடக் கேள்வி என் துறை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஜோபர்க்கில் இணையத்தில் விண்ணப்பம் போட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. நேரே அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் படிவம் வாங்கவேண்டும். எட்டாம் கிரேடு சேர்க்கை முந்தின வருடத்திலேயே முடிந்துவிடும். மகள் இங்கே ஏழாம் கிரேடு தொடங்கியவுடனேயே எட்டுக்கு அலைய ஆரம்பியுங்கள், ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளிகள் தங்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கும், அதனால் விலாசச் சான்று கையில் இருக்கவேண்டும். வாடகை ஒப்பந்தம் போதும்.

கட்டணத்துக்கு வருவோம். பிள்ளைக்குக் கட்டணம் கட்ட முடியாது என்ற ஒரே காரணத்துக்காக எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது. இது 1996 பள்ளிச் சட்டம். பெற்றோர் இருவரின் மொத்த வருட வருமானத்தில் கட்டணம் பத்து சதவீதத்தைத் தொட்டுவிட்டால் முழு விலக்கு. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குக் கீழேயும் பகுதி விலக்கு உண்டு. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும், சம்பளச் சீட்டு இணைக்கவேண்டும். மறுத்தால் மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். நம் ஆட்கள் கௌரவம் பார்த்துக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள், கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். கேட்பது உங்கள் உரிமை, தம்பி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அவர்களில் டாக்டர் ஆனவர்களும் உண்டு.

ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துப் பள்ளிகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். கட்டணம் கடலோரப் பள்ளிகளைவிட வெகுவாகக் குறைவு. மெட்ரிக் (பன்னிரண்டாம் கிரேடு) தேர்ச்சியை ஒவ்வொரு பள்ளியாகக் கேட்டுப் பாருங்கள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நைட் ஷிப்ட் (மவுண்ட் எட்ஜ்கோம்)

தண்ணீருக்கு: வாடகை வீடு பார்க்கப் போகும்போது ஏஜென்டைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். "கடைசியாக எப்போது குழாய் நின்றது, எத்தனை நாள் நின்றது?" என்று நேரடியாகக் கேட்டால் உண்மை வந்துவிடும். ஒரே ஊரில் மேட்டுத் தெருவுக்கு வராது, பள்ளத் தெருவுக்கு வரும். வெருலத்தில் சில பகுதிகளில் பல வருடங்களாகவே சிக்கல். ஃபீனிக்ஸிலும் சில இடங்களில் உண்டு. ஜோஜோ டேங்க் (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, இருந்தால் மோட்டார் இணைத்து வீட்டுக் குழாய்க்கு வருகிறதா என்று பாருங்கள். சும்மா மழைத் தண்ணீர் பிடிக்க நிற்கிற தொட்டி என்றால், அம்மா முட்டிவலியோடு வாளி தூக்கவேண்டி வரும். இரண்டு வீட்டுக்கு நடுவில் தடுமாறினால், வாடகை 800 கூடப் போனாலும் டேங்க் உள்ள வீட்டை எடுங்கள்.

கரும்பு எரிக்கிற காலத்தில் கறுப்புச் சாம்பல் பறந்து வந்து விழும், கொடியில் இருக்கும் வெள்ளைத் துணியைக் கெடுத்துவிடும். அக்காவின் யூனிஃபார்மை உள்ளே காயப்போடுங்கள்.

நல்லது ஒன்றும் சொல்லவேண்டுமே. இங்கே பனி விழாது. முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வேலியோரத்தில் தானாக வளர்கிறது. என் அவுட்பில்டிங்குக்குப் பின்னால் இருக்கிற முருங்கை மரத்துக்குத் தெருவே வந்து கீரை பறித்துக்கொண்டு போகிறது.

நெய்தல் (உம்லாங்கா ரிட்ஜ்)

நைட் ஷிப்ட் சொன்ன எம்41 யோசனை நல்லது. நான் இங்கே வந்தபோது எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: காலை ஏழு முதல் எட்டரை வரை அந்தச் சாலை உம்லாங்கா பக்கம் அடைத்துக்கொள்ளும். ஆறு மணிக்குக் கிளம்புகிற நர்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

கணக்குப்பிள்ளை (லெனேசியா)

முடிவு செய்துவிட்டோம். லெனேசியா வீட்டை விற்கவில்லை. மனைவியின் கூட வேலை செய்யும் ஒரு குடும்பம் ஜனவரியிலிருந்து 7,500 வாடகைக்கு வருகிறார்கள். அது கடனையும் கட்டி, முனிசிபல் வரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஃபீனிக்ஸ் கிழக்கு ஓரம், மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்தில் 8,500க்குள் மூன்று அறை வீடு அல்லது பெரிய அவுட்பில்டிங் தேடுகிறோம். கார் மனைவிக்கு, எனக்கு டாக்சி. மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. கடல் தெரிகிற ஃபிளாட் என்று கனவு கண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடற்கரை என்று ஒப்பந்தம் போட்டுச் சமாதானம் செய்திருக்கிறோம்.

டிசம்பர் நடுவில் சாமான்களோடு கிளம்பலாமா? லாரிக்காரர் அப்போதுதான் தேதி தருகிறார்.

பத்திரம் (டர்பன்)

டிசம்பர் நடுவில் வேண்டவே வேண்டாம். ஜோபர்க் முழுக்க விடுமுறைக்கு என்3 வழியாகக் கடலுக்கு இறங்குகிற நேரம், வான் ரீனன் கணவாயில் லாரி ஊர்ந்துதான் வரும். ஜனவரி முதல் வாரம் வாருங்கள். எதிர்த்திசையில்தான் கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கும், உங்கள் பக்கம் காலியாக இருக்கும். பள்ளி திறப்பதற்குள் சாமான் அடுக்கவும் நேரம் கிடைக்கும். வீட்டை மட்டும் டிசம்பருக்கு முன்னாலேயே நேரில் வந்து பார்த்து ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். பார்க்காத வீட்டுக்கு யார் கேட்டாலும் முன்பணம் அனுப்பாதீர்கள். இல்லாத வீட்டின் போட்டோவைப் போட்டு ஏமாற்றுகிற கும்பல் நிறைய.

நைட் ஷிப்ட் (மவுண்ட் எட்ஜ்கோம்)

அண்ணா, எங்கள் தெருவில் ஒரு வீடு டிசம்பர் கடைசியில் காலியாகிறது. மூன்று அறை, தரைத்தளம், டேங்க் மோட்டாரோடு இருக்கிறது. 8,800 கேட்கிறார், பேசினால் குறைப்பார் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்க்க வரும் வாரயிறுதியில் எனக்கு ஷிப்ட் இல்லையென்றால் நானே கூட வருகிறேன். அக்காவையும் அம்மாவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.